கடைசிப் பக்கம் கிழிந்த சுசீலா

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் மாத நாவலை அடுக்கிவைக்க மாட்டார்கள், தொங்கவிடுவார்கள். இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு சணல் கயிறு. கயிற்றில் துணி கிளிப். கிளிப்பின் பிடியில் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி, ராணி முத்து. பேருந்துக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு வருகிறவர் நின்று புரட்டிப் பார்க்க முடியாது. எழுதியவர் பெயரைப் பார்க்க வேண்டும், காசைக் கொடுக்க வேண்டும், உருவிக்கொண்டு ஓட வேண்டும். அட்டையில் ஒரு சினிமா நடிகை சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே நடக்கிற கொலைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

அப்படி உருவப்பட்ட ஒரு பிரதி எங்கே பிறந்து, யார் யார் கையில் போய், கடைசியில் என்ன ஆனது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன். குறிப்பிட்ட ஒரே பிரதி என்று வைத்துக்கொள்ள வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த பலவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஜாதகம்தான். பிரதியின் கதையைச் சொன்னால்தான் அதற்குள் குடியிருந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல முடியும். அவள் பெயர் சுசீலா. பட்டுக்கோட்டை பிரபாகர் படைத்த பரத்-சுசீலா ஜோடியில் பாதி. மூன்லைட் என்ற துப்பறியும் நிறுவனத்தில் பரத்தோடு வேலை பார்ப்பவள். டி-ஷர்ட் போடுவாள். டி-ஷர்ட்டில் குறும்பாக ஏதாவது ஒரு வாசகம் இருக்கும். சுசீலா அறைக்குள் நுழைந்தாலே வாசகர் முதலில் தேடுவது அந்த வாசகத்தைத்தான், கொலையெல்லாம் அப்புறம்.

அவள் தனியாள் இல்லை. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து சுபா என்ற பெயரில் எழுதிய கதைகளில் நரேந்திரனோடு வைஜெயந்தி வருவாள். அவர்களுடையது ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனம். கோயம்புத்தூரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா. மூன்று ஜோடியிலும் ஆணின் பெயர் முன்னால், நடுவில் ஒரு சிறு கோடு, பெண்ணின் பெயர் பின்னால். கோட்டைத் தாண்டி முன்னால் வந்து தனியாக நின்ற பெண்கள் மிகக் குறைவு.

இத்தனைக்கும் தமிழில் துப்பறியும் கதை எழுதப் பெண்கள் தயங்கவில்லை. ஐந்து வயதில் கல்யாணம் ஆகி, எழுதத் தெரியாத நாளில் தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுதவைத்த வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-இல் 'வைதேகி' என்ற நாவலோடு 'ஜகன்மோகினி' இதழை நடத்தத் தொடங்கினார். அது துப்பறியும் வகை நாவல். நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, நடுவில் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் என்று அந்தக் காலத்தில் குற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் ஆண்கள்தான். பெண்கள் கடத்தப்பட்டார்கள், மயங்கி விழுந்தார்கள், கடைசி அத்தியாயத்தில் மீட்கப்பட்டார்கள்.

துப்பறிகிறவரிடம் குறை இருக்கலாம், அதனாலேயே அவரை நமக்குப் பிடிக்கலாம் என்பதைத் தமிழ் வாசகருக்குப் பழக்கியவர் தேவன். நாற்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த துப்பறியும் சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. அசடு. எதையோ செய்யப்போய் எதுவோ ஆகித் திருடன் மாட்டிக்கொள்வான். ஊர் அவரை மேதை என்னும். உண்மை அவருக்கும் நமக்கும் மட்டும் தெரியும். பிறகு சுஜாதாவின் வசந்த் வந்தான். வக்கீல் கணேஷின் ஜூனியர், வாய்க்கொழுப்பு, எந்தப் பெண்ணைக் கண்டாலும் வழிசல், முடிக்கவே முடியாத அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக். வசந்த்தின் குறைகளைப் பட்டியல் போட்டால் ஒரு பக்கம் வரும். ஆனாலும் கணேஷைவிட அவன் மேல்தான் வாசகருக்குப் பிரியம். சாம்புவுக்கு அசட்டுத்தனம், வசந்துக்குச் சபலம். சுசீலாவுக்கு என்ன கொடுத்தார்கள்? அதைச் சொல்வதற்கு முன் பிரதி கடையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மாத நாவல் பிறப்பதே அவசரத்தில். ஒன்றாம் தேதி கடையில் தொங்க வேண்டும் என்றால் முந்தின மாதமே எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தாக வேண்டும். பேர்பெற்றவர்கள் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பல அச்சகங்களில் இன்னும் ஈய எழுத்தைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள். அட்டைக்கு மட்டும் வழவழப்புத் தாள், உள்ளே செய்தித்தாள் காகிதம், முதுகில் இரண்டு பின். முன்பக்கங்களில் வாசகர் கடிதம், கடைசிப் பக்கத்தில் அடுத்த மாதத் தலைப்பு. நூறு பக்கம் சொச்சம். படித்து முடித்ததும் அதன் ஆயுளும் முடிய வேண்டும் என்றுதான் செய்திருந்தார்கள். மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்காமல் செய்கிற மலிவுத் தாள் அது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மடித்த இடத்தில் உடையும்.

எங்கள் வீட்டுக்கு அது அப்பாவின் டிபன் பையில் வந்தது. முதலில் கல்பாக்கம் கடலோரக் குடியிருப்பில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் அணுபுரத்துக்கு மாறினோம். அணுசக்தித் துறையின் ஆட்கள் பெருகப் பெருகக் கடலோரத்தில் இடம் போதாமல் உள்நாட்டில் எழுந்த குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், துறை நடத்துகிற பள்ளிக்கூடம், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்ற வருகிற டிபார்ட்மென்ட் பஸ். 1984-இலும் 1986-இலும் ஓடத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள், 1985 அக்டோபரில் முதன்முதலாகத் தொடர்வினை கண்ட வேக ஈனுலை, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று எல்லாவற்றுக்கும் ராப்பகல் வேலை. இரவு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களிடமும் அவர்களை அனுப்பிவிட்டு விழித்திருக்கிறவர்களிடமும் மாத நாவலுக்கு நல்ல மதிப்பு இருந்தது.

பிரதி ஒரு வீட்டில் நிற்காது. நான் கண்ட வரையில் அதை வாங்குவது ஆண்கள், படிப்பதும் பரப்புவதும் பெண்கள். அப்பா பேருந்திலேயே முடித்துவிட்டு வந்து மேஜையில் போடுவார். மத்தியானம் அம்மா. சாயங்காலம் எதிர் வீட்டு அத்தை. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிற வேலை என்னுடையது.

"ஏன்டி, இதுல கடைசிப் பக்கம் இருக்கா?"

"இருக்கு அத்தை, பார்த்துட்டேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே. கொலைகாரன் யாருன்னு தெரியாம எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

முதலில் போவது அட்டை. நடிகை படம் என்பதால் யாராவது ஒரு பையன் கிழித்துக்கொள்வான். அட்டையோடு மாதமும் வருடமும் போய்விடும். அடுத்தது கடைசித் தாள். பின் கழன்றால் அது தனியே நழுவும். இப்படி அட்டையும் முடிவும் இழந்த பிரதி மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது, அது யார் எழுதியது, எந்த வருடத்துக் கதை என்று எதுவும் தெரியாது. அதைக் கையில் எடுப்பவருக்கு எட்டாம் பக்கத்தில் ஒரு பெண் டி-ஷர்ட்டில் ஒரு குறும்பு வாசகத்தோடு உள்ளே வருவாள். அவ்வளவுதான். "ஓ, சுசீலா!"

எனக்கு இது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த டி-ஷர்ட் வெறும் கவர்ச்சி என்று திட்டியவர்கள் உண்டு. கவர்ச்சி இல்லை என்று நானும் சொல்லவில்லை. பரத் அந்த வாசகத்தைப் படிக்கிற சாக்கில் எங்கே பார்க்கிறான் என்பதும், அதற்கு அவள் கொடுக்கிற பதிலடியும் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. ஆனால் அந்த விளையாட்டுக்கு வேறொரு பயனும் இருந்தது. எந்த மாதத்துப் பிரதி எந்த ஊரில் யார் கையில் முதலில் கிடைக்கும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. மே மாதத்தை ஜனவரிக்கு முன்னால் படிப்பார்கள். பத்தாவது கதையை முதல் கதையாகப் படிப்பார்கள். நடுவில் ஐந்து கதைகளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வாசகருக்கு ஒரு ஆளை இரண்டே வரியில் அடையாளம் காட்ட வேண்டும் என்றால் உடம்பின் மேலேயே எழுதி அனுப்புவதுதான் வழி.

சுசீலாவின் குறைகள் எல்லாமே இரண்டு வரியில் அடங்குகிறவையாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வாய்த்துடுக்கு. முன்கோபம். பரத் வேறொரு பெண்ணிடம் வழிந்தால் சுருக்கென்று ஒரு வார்த்தை. எல்லாம் ரசிக்கத்தக்கவை, அடுத்த பக்கத்தில் கரைந்துவிடுபவை. ஒரு வழக்கில் அவள் தப்பான ஆளைச் சந்தேகித்து, அவன் வாழ்க்கை கெட்டு, அந்த உறுத்தல் அடுத்த வழக்கிலும் அவளோடு வருகிறது என்று எழுத முடியாது. அடுத்த வழக்கைப் படிக்கிறவருக்கு முந்தைய வழக்கு கிடைத்திருக்காது. குறை என்பது ஞாபகம் வேண்டுகிற சமாசாரம். கயிற்றில் தொங்கி, அட்டை கிழிந்து, வரிசை குலைந்து பயணம் போகிற ஒரு பொருளால் அந்த ஞாபகத்தைச் சுமக்க முடியவில்லை. மாதம் பிறந்தால் சுசீலாவும் புதிதாகப் பிறந்தாள். வயது ஏறவில்லை, தழும்பு இல்லை, பரத்தோடு கல்யாணப் பேச்சும் முடிவுக்கு வந்ததில்லை.

வசந்துக்கும் இதே கதிதானே என்று கேட்கலாம். கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கணேஷ்-வசந்த் பெரும்பாலும் வார இதழ்த் தொடர்களில் வந்தார்கள். பிறகு தைத்துக் கட்டிய புத்தகமாகி நூலகத்துக்குப் போனார்கள். சுஜாதாவைச் சேர்த்துவைக்க ஆள் இருந்தது. மாத நாவலைச் சேர்த்துவைப்பது கௌரவம் இல்லை என்று நினைத்த வீடுகளே அதிகம். அணுபுரத்தில் ஒரு விஞ்ஞானி வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகம் இருக்கும். க்ரைம் நாவல் சமையல்கட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும்.

அதே எண்பதுகளில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 1982-இல் சூ கிராஃப்டன் தன் கின்ஸி மில்ஹோனை அறிமுகப்படுத்தினார். சாரா பரெட்ஸ்கியின் வி.ஐ.வார்ஷாவ்ஸ்கி வந்ததும் அதே வருடம். கின்ஸி இரண்டு முறை விவாகரத்து ஆனவள். நகம் வெட்டுகிற கத்திரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள். எல்லா விசேஷத்துக்கும் ஒரே கறுப்பு உடை. கூசாமல் பொய் சொல்வாள், கண்டதைத் தின்பாள். முதல் நாவலிலேயே ஒரு ஆளைக் கொன்று, அந்த நினைப்பைச் சுமக்கிறாள். கிராஃப்டன் அவளுக்குச் செய்த பெரிய உபகாரம் குறைகளைக் கொடுத்தது மட்டும் இல்லை, வரிசையைக் கொடுத்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும் ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்தில் தொடங்கும். கடையில் எது முதலில் கிடைத்தாலும், எது முன் எது பின் என்று வாசகருக்குத் தெரியும். கின்ஸிக்கு மெதுவாக வயது ஏறியது. 2017-இல் கிராஃப்டன் இறந்தபோது கடைசி எழுத்து ஒன்றுதான் பாக்கி.

கடந்த காலம் உள்ள ஒரு பெண் எங்கள் ஊர்க் கயிற்றிலும் தொங்கினாள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் 1984-இல் வெளியானது. தலைப்பு 'கத்தி முனையில் மாடஸ்டி'. தமிழ் வாசகர்கள் இன்றும் இளவரசி என்று செல்லமாக அழைக்கிற மாடஸ்டி பிளைஸி. பீட்டர் ஓ'டானல் எழுத, 1963-இல் லண்டன் நாளிதழில் படக்கதையாகத் தொடங்கியவள். 1942-இல் பாரசீகத்தின் வடக்கே படைவீரராக இருந்த ஓ'டானல், அகதிகளுக்கு நடுவே ஆள்துணை இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். அந்தச் சிறுமிதான் மாடஸ்டிக்கு வித்து. கதையில் அவள் ஒரு பெரிய குற்றக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தவள். சம்பாதித்தது போதும் என்று விலகி, இப்போது நல்லவர்கள் பக்கம் நின்று சண்டை போடுகிறவள். அவள் செய்த தப்பு பழங்கணக்கில் இருக்கிறது, அதை யாரும் அழிக்கவில்லை. அவளோடு வருகிற வில்லி கார்வின் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன். பெயரில் கோடு இல்லை, இருந்திருந்தாலும் அவள்தான் முன்னால். சுசீலாவை அம்மாவும் அத்தையும் எடுத்துக்கொள்ள, மாடஸ்டியைத் தெருப்பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கயிற்றில் தொங்கிய இரண்டு பேரும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அணுபுரத்தில் நாடு முழுவதிலும் இருந்து வந்த குடும்பங்கள் உண்டு. மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் மாடிப்படியிலேயே கேட்கும். எங்கள் மாடியில் இருந்த வங்காளி அக்கா, 2000-க்குப் பிறகு ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தபோது பூஜா மலர் ஒன்றைக் கொண்டுவந்து மிதின் மாசியைப் பற்றிச் சொன்னார். சுசித்ரா பட்டாச்சார்யா படைத்த கல்கத்தாத் துப்பறிவாளர், முழுப்பெயர் பிரக்ஞாபாரமிதா. கல்யாணம் ஆனவள். கணவர் பார்த்தா சாப்பாட்டுப் பிரியர். கூடவே வருவார், குற்றவாளியை அவள் கண்டுபிடிப்பாள். அம்மாவுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. "நம்ம ரூபலாவைப் பாரு, விவேக்குக்குக் காபி போட்டுக் கொடுக்கவே நேரம் சரியா இருக்கு" என்றார். அது ராஜேஷ்குமாருக்குச் செய்கிற அநியாயம்தான், ரூபலா யோசனை சொன்ன கதைகளும் உண்டு. ஆனால் அம்மாவின் வழக்கு வேறு. வங்காளத்துக்கு 1950-களிலேயே பிரபாவதி தேவி சரஸ்வதி எழுதிய கிருஷ்ணா என்ற பெண் துப்பறிவாளர் கிடைத்துவிட்டாள். எழுதியவரும் பெண். நமக்கு எழுத வை.மு.கோ. இருந்தார், துப்பறிய ஒரு பெண் இல்லை. துப்பறியப் பெண்கள் வந்தபோது, அவர்களை ஆண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மிதினும் கிருஷ்ணாவும் குறையில்லாத சமர்த்துகள் என்பது எனக்கு ஒரு மனக்குறை. அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. குறை இருக்கிற பொம்பளையைத்தான் வீட்டிலேயே பார்க்கிறோமே, அதற்குக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா என்பது அவர் கட்சி.

வீடுகளைச் சுற்றி முடித்த பிரதிக்கு இரண்டு வழி. பாக்கியம் செய்தது வாடகை நூலகத்துக்குப் போகும். சென்னையில் ஈஸ்வரி மாதிரிப் பெரிய லெண்டிங் லைப்ரரிகள் இருந்தன. எங்கள் பக்கம் புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்களில் ஒரு சைக்கிள் கடை அளவே உள்ள இடத்தில் யாராவது நடத்துவார்கள். அங்கே நான்கைந்து பிரதிகளைச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டி பைண்டு செய்வார்கள். எந்த வரிசையில்? கையில் அகப்பட்ட வரிசையில். சுசீலாவுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப நாவல், அடுத்து வைஜெயந்தி, அடுத்து பாதியில் தொடங்குகிற ஒரு பேய்க்கதை. ரப்பர் ஸ்டாம்ப் கொலை நடந்த இடத்தின் மேலேயே விழுந்திருக்கும். அந்தப் பக்கங்களின் ஓரங்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. பால்பாயின்ட் பேனாவில் ஒருவர் "இவன்தான் கொலைகாரன்" என்று இருபதாம் பக்கத்திலேயே எழுதிவைப்பார். கீழே இன்னொருவர் "பாவி, ஏன் சொன்னாய்" என்பார். பரத் அத்துமீறிப் பேசுகிற ஒரு இடத்தில் பெண் கையெழுத்தில் "அறைய வேண்டியதுதானே?" என்று ஒரு குறிப்பைப் பார்த்திருக்கிறேன். சுசீலா அறையவில்லை. சிரித்துக்கொண்டு ஒரு பதில் சொன்னாள். அந்த ஓரத்தில் எழுதிய பெண்ணுக்கு வேண்டியிருந்த சுசீலா வேறொருத்தி.

பாக்கியம் செய்யாத பிரதி பழைய பேப்பர் கடைக்குப் போகும். நாளிதழுக்கு ஒரு விலை, வார இதழுக்கு ஒரு விலை, மாத நாவலின் சிறிய தாளுக்கு அதைவிடக் குறைவு; பொட்டலம் மடிக்க அகலம் போதாது. அப்படியும் சின்னப் பொட்டலத்துக்கு ஆகும். மாமல்லபுரம் கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கியவர்கள், தின்று முடித்த பிறகு எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்குகிற பக்கமாக இருக்கும். யார் வீட்டில் இறங்கினார் என்பது அடுத்த ஆளின் பொட்டலத்தில். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கம் குடியிருப்புக்குள் புகுந்து உயிர்களையும் கொண்டுபோனது. தரைத்தள வீடுகளில் நனைந்து கூழான காகிதத்தைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை, படவும் கூடாது. எங்கள் பழைய வீட்டுப் பக்கத்தவர்கள் சேர்த்துவைத்திருந்த கட்டுகள் அதோடு போயின என்பதை ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன்.

அதற்குள் கயிறும் காலியாகிக்கொண்டிருந்தது. மத்தியானத்து இரண்டு மணி நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. மாத நாவல் எழுதியவர்களில் பலர் தொடருக்கும் சினிமாவுக்கும் போனார்கள். சுபா இயக்குநர் கே.வி.ஆனந்தோடு சேர்ந்து 'அயன்', 'கோ' படங்களுக்கு எழுதினார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாதம் நூறு பக்கம் எழுதிப் பிழைப்பது லேசான காரியம் இல்லை.

பிரதிக்கு மறுபிறப்பு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. சென்னையில் ராகேஷ் கன்னா நடத்திய பிளாஃப்ட் பதிப்பகம், 2008-இல் தமிழ் ஜனரஞ்சக நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பு பிரீதம் சக்ரவர்த்தி. ராஜேஷ்குமார், பிரபாகர், ரமணிசந்திரன், தமிழ்வாணன் எல்லாரும் இருந்தார்கள். சுபாவின் கதைக்கு அதில் வைஜெயந்தியின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள், புயல் என்ற அடைமொழியோடு. பேருந்து நிலையத்துக் கயிற்றில் சில ரூபாய்க்குத் தொங்கியவள், குளிரூட்டிய புத்தகக் கடையில் தடித்த அட்டையோடு நின்றாள். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது ஒருவழியாகக் கண்ணாடி அலமாரிக்கு வந்தது. வந்ததை வாங்கியவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டு அத்தைக்கு அந்தப் புத்தகம் வந்த செய்தியே தெரியாது.

இந்திய ஆங்கிலத்தில் குறையுள்ள பெண் வரவும் அதிக நாள் ஆகவில்லை. கிஷ்வர் தேசாயின் சிம்ரன் சிங், நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத, குடியும் சிகரெட்டும் உள்ள சமூக சேவகி. பஞ்சாபில் ஒரு குடும்பமே கொல்லப்பட்ட வழக்கைத் தோண்டுகிறாள். அந்த நாவலுக்கு 2010-இன் காஸ்டா முதல் நாவல் பரிசு கிடைத்தது. தமிழில் அப்படிப்பட்டவள் காகிதத்தை விட்டுத் திரைக்குப் போய்விட்டாள். 2018-இல் வந்த பாலாவின் 'நாச்சியார்' படத்தில் ஜோதிகா, கெட்ட வார்த்தை பேசுகிற, கைநீட்டத் தயங்காத போலீஸ் அதிகாரி. 2022-இன் 'சுழல்' தொடரில் ஷ்ரியா ரெட்டியின் இன்ஸ்பெக்டர் ரெஜினா, ஒரு பெண் காணாமல்போன வழக்கை விசாரிக்கும்போதே அந்த வழக்கு தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்க்கிறாள். தொடருக்கு வரிசை உண்டு. முதல் பாகத்தைப் பார்க்காமல் நான்காம் பாகத்துக்கு யாரும் போவதில்லை. ரெஜினாவால் தப்புச் செய்ய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாச்சியாரைவிட எனக்கு ரெஜினாவைப் பிடிக்கும். அடிப்பதைவிடத் தடுமாறுவது பெரிய குறை, அதை எழுதவும் கஷ்டம்.

இப்போது சுசீலா செல்போனில் இருக்கிறாள். 2016 கடைசியில் கிண்டில் தமிழுக்குக் கதவு திறந்த பிறகு, பழைய மாத நாவல்கள் மின்னூலாகத் தொடர்ந்து வருகின்றன. டிபார்ட்மென்ட் பஸ்ஸில் தலை குனிந்திருக்கிறவர்களில் யாராவது ஒருவர் பரத்-சுசீலாவைப் படித்துக்கொண்டிருக்கலாம். கடைசிப் பக்கம் கிழியாது. கொலைகாரன் யார் என்பது எல்லோருக்கும் கிடைக்கும். முதன்முறையாக வரிசையாகவும் படிக்கலாம், அந்த வரிசை என்ன என்று யாராவது சொன்னால். நான் வாங்கிய மின்னூல்களில் கதை முதலில் எந்தப் பத்திரிகையில், எந்த மாதம், எந்த வருடம் வந்தது என்ற குறிப்பு இல்லை. புது அட்டை, புது முகப்பு, உள்ளே போனால் காலம் தெரியாத சுசீலா. டிரங்க் கால் போடுகிறாள் என்றால் எண்பது, பேஜர் வைத்திருந்தால் தொண்ணூறு என்று நாமே துப்பறிய வேண்டியிருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ அட்டையோடு மாத நாவல்கள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் அட்டையையும் உள்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையின் பெயர், மாதம், வருடம், விலை. ஓரத்தில் யாராவது எழுதியிருந்தால் அதையும். அந்தத் தேதிகள் சேர்ந்தால்தான் சுசீலா எத்தனை வருடம், எத்தனை வழக்கு, எந்த வருடம் என்ன பேசினாள் என்று ஒரு பட்டியலாவது போட முடியும். பட்டியல் கையில் இருந்தால், அவளுக்கு நடுவயது கொடுத்து, பரத் இல்லாமல் ஒரு வழக்குக் கொடுத்து, அதில் அவள் தப்பு செய்வதாக எழுத இன்றைக்கு எழுதுகிற பெண்களில் யாராவது முன்வரலாம். பிரபாகர் சாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான்.